மீனுக்கும் நல்ல தண்ணீர்

திருவனந்தபுரம் மாவட்டத்தில் கல்லாறு என்று ஓர் ஊர். பொன்முடி மலைக்குப் போகும் வழியில் இருக்கிறது. அங்கே ஓடும் ஆற்றின் பெயரும் கல்லாறுதான். பாறைகளிலும் உருண்டைக் கற்களிலும் மோதித் தண்ணீர் ஓடுகிறது. மோதும்போது காற்று அதில் கலக்கிறது. அந்தக் காற்றைத்தான் மீன்கள் சுவாசிக்கின்றன.

வீட்டில் கண்ணாடித் தொட்டி வைத்து மீன் வளர்ப்பவர்கள் உண்டு. சென்னை கொளத்தூரில் வண்ண மீன் வளர்ப்பு பலருக்குப் பிழைப்பாகவே இருக்கிறது. தொட்டித் தண்ணீர் அழுக்கானால் மாற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரை அப்படியே பிடித்து ஊற்றினால் என்ன ஆகும்? மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பிறகு செத்து மிதக்கும்.

நாம் குடிக்கும் தண்ணீர்தானே? மீன் ஏன் சாகிறது?

திருவனந்தபுரம் நகரத்துக்கு 1933-ஆம் ஆண்டு முதல் குழாய்த் தண்ணீர் வருகிறது. கரமனை ஆற்றுத் தண்ணீரை அருவிக்கரையில் எடுத்துச் சுத்தம் செய்து அனுப்புகிறார்கள். சுத்தம் செய்யும்போது குளோரின் என்ற மருந்தைச் சேர்க்கிறார்கள். அது காலரா, டைபாய்டு கிருமிகளைக் கொல்லும். குழாயில் வரும் ஒரு லிட்டர் தண்ணீரில் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் இருக்க வேண்டும் என்பது இந்தியக் குடிநீர்த் தர அளவு. இந்தச் சிறிய அளவு நமக்குத் தீங்கு செய்யாது. ஆனால் மீன் செவுளால் சுவாசிக்கிறது. செவுள் மிக மெல்லியது. குளோரின் அதை அரித்துவிடும்.

அப்படியானால் என்ன செய்யலாம்?

அகன்ற வாளியில் தண்ணீரைப் பிடித்து வையுங்கள். சோப்பு படாத வாளியாக இருக்கட்டும். ஒரு நாள் முழுவதும் திறந்தே இருக்கட்டும். தேநீர் ஆற்றுவது போல, அவ்வப்போது குவளையால் அள்ளி உயரத்திலிருந்து ஊற்றுங்கள். குளோரின் வெளியேறும். காற்றும் கலக்கும். வாடை இல்லை என்பதால் குளோரினும் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது.

பிறகு இரண்டு தண்ணீரையும் கையால் தொட்டுப் பாருங்கள். சூடு ஒன்று போல் இருக்க வேண்டும்.

வாரம் ஒரு முறை, தொட்டியில் கால் பங்குத் தண்ணீரை மட்டும் எடுத்துவிட்டு, புதிய தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். முழுவதும் மாற்றக் கூடாது. மீனின் கழிவை மாற்றும் நல்ல நுண்ணுயிர்களும் தொட்டியில் வாழ்கின்றன. எடுத்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாம்.

கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தால் அந்தத் தண்ணீரிலும் இதே ஆபத்து உண்டு. சில நாள் பொறுத்து எடுங்கள்.

அவசரம் என்றால், குளோரினை முறிக்கும் மருந்து மீன் கடையில் கிடைக்கும். எத்தனை லிட்டருக்கு எத்தனை சொட்டு என்று புட்டியில் எழுதியிருக்கும். யாரையும் கேட்க வேண்டாம். நீங்களே படித்து, அளந்து ஊற்றுங்கள்.