ஓர் அந்துப்பூச்சியின் புதுப் பெயர்

லைமாண்ட்ரியா டிஸ்பார் என்பது ஓக் முதலிய மரங்களின் இலைகளைத் தின்று காடுகளை மொட்டையடிக்கும் அந்துப்பூச்சியின் அறிவியல் பெயர். ஆங்கிலம் பேசுவோர் அதை நெடுங்காலம் ‘ஜிப்சி மாத்’ என்றே அழைத்து வந்தனர். ஐரோப்பாவில் நூற்றாண்டுகளாக ஒதுக்கிவைக்கப்பட்டு, நாஜி ஆட்சியில் பெருந்தொகையினராய்க் கொல்லப்பட்ட ரோமா மக்களைப் பிறர் குறித்த சொல்லே ‘ஜிப்சி’. அவர்களுள் பலர் அதை வசைச்சொல்லாகக் கருதுகின்றனர். 1860களின் இறுதியில் எத்தியேன் திரூவெலோ என்பவர் ஐரோப்பாவிலிருந்து மாசசூசெட்ஸின் மெட்ஃபோர்டு நகருக்குக் கொணர்ந்த இப்பூச்சி, தப்பிப் பரவி வட அமெரிக்காவின் பெரும்பீடையாகிவிட்டமையால், ஒழிப்பு, படையெடுப்பு போன்ற சொற்களோடு அம்மக்களின் பெயரும் ஓயாமல் இணைந்து வழங்கியதே இழிவை மிகுவித்தது.

அமெரிக்கப் பூச்சியியல் சங்கம் 2021 ஜூலையில் அப்பெயரைத் தன் பட்டியலிலிருந்து நீக்கி, 2022 மார்ச்சில் ‘ஸ்பாஞ்சி மாத்’ என்பதை ஏற்றது. பெண் பூச்சி மரப்பட்டையில் இட்டு, தன் உடலின் வெளிர்பழுப்பு மயிரால் போர்த்திவைக்கும் நூற்றுக்கணக்கான முட்டைகளின் திரள் கடற்பஞ்சு போலத் தோன்றுவதே இதற்குக் காரணம். குளிர்காலத்தில் அத்திரள்களைச் சுரண்டி அழிப்பது எளிய கட்டுப்பாட்டு முறையாதலால், தேட வேண்டியதைப் பெயரே காட்டிக்கொடுக்கிறது. பழைய பெயருக்கு இத்தகைய பயன் ஏதும் இருந்ததில்லை.

அறிவியல் பெயர்களின் நிலை வேறு. முறைப்படி முதலில் வெளியான பெயரே நிலைக்கும் என்னும் முந்துரிமை விதியைக் காக்கும் பன்னாட்டு விலங்குப் பெயரிடல் ஆணையம், அறநெறி காரணங்களுக்காகப் பெயர்களை மாற்றுவதில்லை என 2023இல் தெளிவுபடுத்தியது. ஸ்லோவேனியக் குகைகளில் வாழும் கண்ணற்ற வண்டொன்று இன்றும் ஹிட்லரின் பெயரைச் சுமப்பது இதனால்தான்.