பேட்டர்ன்காரரின் ஷெட்டுக்குள்ளே

சத்தம் போடாமல் என் பின்னாலேயே வாங்க. கோவை கணபதியில் ஒரு சந்து வீடு, அதன் கொல்லைப்புறத்தில் இந்தத் தகர ஷெட்டு. கதவில் சிவப்புப் பெயின்டில் எழுதியிருக்கிறது: 'வேலை நடக்குது, கூப்பிட வேண்டாம்.' அதற்குக் கீழே, அதே பெயின்டில், வேறு கையெழுத்தில்: 'சோறு ஆறுது.' முதல் வரி அய்யா எழுதியது. இரண்டாவது அம்மா. வருகிற வியாழனோடு அய்யா போய் ஒரு வருஷம் ஆகிறது.

அவர் மகளும் நானும் ஒரே ஆபீஸ். "ஞாயித்துக்கிழமை அப்பா வண்டிய ஸ்டார்ட் பண்ணிப் பாக்கப் போறோம், வர்றீங்களா?" என்று கேட்டதும் காலை ஆறரைக்கே வந்து நின்றுவிட்டேன். அவிநாசி ரோட்டில் இருக்கும் ஜீடி கார் மியூசியத்தை ரசித்துப் பார்த்தவன்தான். ஆனால் அங்கே கார்கள் குளித்துத் தலைவாரி நிற்பவை. நமக்கு வேண்டியது அழுக்கு லுங்கியோடு நிற்கிற கார். பூட்டைத் திறக்கிறார்கள்... ஆஹா!

முதலில் வாசனை. கிரீஸ், தேக்குத் தூள், வார்னிஷ், எங்கோ ஒரு மூலையில் எலி. நிமிர்ந்தால் தலைக்கு மேலே வரிசையாக ஹார்லிக்ஸ் பாட்டில்கள் தொங்குகின்றன. மூடியைப் பரணின் அடியில் ஆணி அடித்து, பாட்டிலை அதில் திருகி மாட்டிவிட்டிருக்கிறார். ஒன்றில் முக்கால் இஞ்ச் ஸ்க்ரூ, ஒன்றில் வாஷர், ஒன்றில் பல்பு. ஒரு பாட்டிலில் மட்டும் ஒட்டியிருந்த சீட்டு: 'எதுக்குன்னு தெரியாது. தூக்கிப் போடாதே.' நான் சிரித்த சிரிப்பில் எலி வெளியே ஓடியது.

அய்யா பேட்டர்ன் மேக்கர். பவுண்டரியில் பம்பு வார்க்க வேண்டும் என்றால் முதலில் அதே உருவத்தை மரத்தில் செதுக்க வேண்டும். அதை மண்ணில் புதைத்து இறுக்கி, பிறகு அலுங்காமல் எடுத்து, அந்தப் பள்ளத்தில் உருகிய இரும்பை ஊற்றுவார்கள். சுவரோரம் இருபது, முப்பது மர உருவங்கள் அடுக்கியிருக்கின்றன. நத்தை ஓடு மாதிரி வளைந்த ஒரு பம்புக் கூட்டைத் தடவிப் பார்த்தேன். உளி பட்ட இடம் எங்கே என்று விரலுக்குத் தெரியவில்லை. இந்த வழவழப்பு கடைசியில் மண்ணுக்குள் போவதற்குத்தான்!

இப்போது கதவின் உள்பக்கம் பாருங்கள். பிள்ளைகளின் உயரக் கோடுகள், பக்கத்திலேயே தேதி, அடி, அங்குலம். ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் இங்கே நிற்க வைத்து அளப்பாராம். நாலாம் வகுப்புப் பேரன் ஸ்கூல் பையிலிருந்து ஒரு டேப்பை எடுத்து வந்தான். "நாலு அடின்னு தாத்தா எழுதியிருக்காரு, ஆனா டேப்புல அரை இஞ்ச் ஜாஸ்தி வருது." எல்லோரும் டேப்பைத்தான் சந்தேகப்பட்டோம்.

மூலையில் இருந்த 'லேத்து அண்ணன்' விழுந்து விழுந்து சிரித்தார். அய்யாவோடு நாற்பது வருஷம் வேலை பார்த்தவர். ஆணியில் தொங்கிய ஒரு ஸ்டீல் ஸ்கேலை எடுத்து டேப்பின் மேல் வைத்துக் காட்டினார். ஓர் அடி முடிகிற இடத்தில் ஸ்கேல் கால்வாசிக்கும் பாதி, அதாவது அரைக்கால் அங்குலம், நீட்டிக்கொண்டிருந்தது. வார்ப்பிரும்பு ஆறும்போது அடிக்கு அரைக்கால் அங்குலம் சுருங்கும். அதனால் பேட்டர்ன்காரரின் ஸ்கேலில் அந்த அளவு முன்கூட்டியே கூட்டித்தான் கோடு போட்டிருக்கும். அய்யா வீட்டு ஆட்களையும் அதிலேயே அளந்திருக்கிறார்! எழுதிய உயரத்தைவிட அத்தனை பேரும் நிஜத்தில் கொஞ்சம் கூடுதல்.

"என்னைப் பொண்ணு பாக்க வந்தவங்ககிட்ட அஞ்சடி ஒண்ணுன்னுதான் சொன்னாரு," என்று மகள் இடுப்பில் கை வைத்தார். அளந்து பார்த்தோம். ஐந்தடி ஒன்றரை அங்குலத்துக்கும் மேலே. "மாப்பிள்ளை அப்பவே குள்ளம்னு யோசிச்சாருங்க," என்று அம்மா காபி டம்ளரை நீட்டினார்.

அட, வண்டியை மறந்துவிட்டேன். ஷெட்டின் நடுவில், பழைய பெட்ஷீட்டுக்கு அடியில், 1969 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. மெட்ராஸில் செய்த கார். இங்கிலாந்தில் ஓடிய ஹெரால்டுக்கு இரண்டே கதவு. நம்மவர்கள்தான் குடும்பத்தோடு ஏறி இறங்க வசதியாக நாலு கதவு வைத்தார்கள். அய்யா இதை அரைப் பிணமாக வாங்கி, ஞாயிறு ஞாயிறாக உயிர் கொடுத்திருக்கிறார். டேஷ்போர்டு அவர் இழைத்த தேக்கு. சோக் குமிழைத் தொட்டதும் அம்மா சொன்னார்: "அது என்ர சப்பாத்திக் கட்டையோட கைப்பிடிங்க. ஒரு வாரம் தேடினேன்."

லேத்து அண்ணன் பானெட்டைத் திறந்தார். மட்கார்டு, ஹெட்லைட்டு எல்லாம் சேர்ந்து வண்டியின் முகமே முன்னால் கவிழ்ந்தது. அவர் ஏறி முன் டயரின் மேல் சம்மணம் போடாத குறையாக உட்கார்ந்துகொண்டார். புது பேட்டரி, புது பெட்ரோல். மருமகன் சாவியைத் திருப்பினார். டுர்... டுர்... ஒன்றுமில்லை. பிளக்கைக் கழற்றி, பேரனின் பழைய டூத் பிரஷால் தேய்த்து மாட்டினார்கள். ஒன்றுமில்லை. தள்ளிப் பார்க்கலாம் என்றார்கள். நானும் தள்ளினேன். சட்டையெல்லாம் வியர்வை, உள்ளங்கையெல்லாம் கறுப்பு. எனக்கு ஒரே குஷி!

"சோக்க முழுசா இழுக்காதீங்க. அவரு பாதிதான் இழுப்பாரு," என்றது அம்மாவின் குரல். இத்தனை வருஷம் பக்கத்து சீட்டில் இருந்து பார்த்தவர். பாதி இழுத்தார்கள். ஒரு இருமல், இன்னொரு இருமல், ஷெட்டு நிறையப் புகை, அப்புறம் தையல் மெஷின் மாதிரி சீரான சத்தம். லேத்து அண்ணன் மூக்கைத் துடைத்துக்கொண்டார். புகையாம்.

அம்மா யாரையும் கேட்கவில்லை. முன் கதவைத் திறந்து இடது சீட்டில் ஏறி உட்கார்ந்தார். அந்த சீட்டுக்கு அடியில் மட்டும் மூணு அங்குலத்துக்கு ஒரு பலகை. டேஷ்போர்டுக்கு மேலே ரோடு தெரியவில்லை என்று அவர் எப்போதோ சொன்னதற்காக வைத்ததாம். சந்து முனை வரை போய், ரிவர்ஸ் போடாமல் ஒரே வளைப்பில் திரும்பி வந்தார்கள். ஹெரால்டுக்குத் திரும்ப இருபத்தைந்து அடி வட்டம் போதும்.

வியாழக்கிழமை பேரூர் நொய்யல் படித்துறையில் திதி. இந்த வண்டியில்தான் போகிறார்கள். பின்னாலேயே ஆம்னியில், டூல் பெட்டியோடு லேத்து அண்ணன் வருகிறார்.