ஏபிஎக்ஸ் சோதனை

ஏபிஎக்ஸ் சோதனை என்பது, இரு ஒலிப்பதிவுகளுக்கு இடையேயுள்ள வேறுபாட்டைக் கேட்பவர் செவியால் மட்டுமே உணர முடிகிறதா எனக் கண்டறியும் முறையாகும். இழப்பற்ற ஒலிக்கோப்புக்கும் அதிலிருந்து உருவாக்கப்பட்ட எம்பி3 கோப்புக்கும் உள்ள வேறுபாடு காதுக்குத் தெரியுமா என்பதை அறிய இது பரவலாகப் பயன்படுகிறது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த மன்சன், கார்ட்னர் ஆகியோர் 1950 ஆம் ஆண்டில் இதன் தொடக்க வடிவத்தை வெளியிட்டனர்.

பின்னணி

குறுந்தகட்டில் ஒலி நொடிக்கு 44,100 முறை அளக்கப்பட்டு, ஒவ்வோர் அளவும் 16 பிட்டுகளில் பதியப்படுகிறது. இரு தடங்களுக்கும் சேர்த்து இது நொடிக்கு ஏறத்தாழ 1,411 கிலோபிட்டு ஆகும். 2001 இல் வெளியான ஃபிளாக் போன்ற இழப்பற்ற முறைகள் இத்தரவைச் சுருக்கினாலும், விரிக்கும்போது ஒரு பிட்டும் மாறாமல் திருப்பித் தருகின்றன.

1993 இல் பன்னாட்டுத் தரமாக வெளியான எம்பி3 வேறு வழியைக் கையாள்கிறது. உரத்த ஒலி, தன்னை ஒட்டிய அதிர்வெண்களில் உள்ள மெல்லிய ஒலிகளைக் காதுக்கு எட்டாமல் மறைத்துவிடும். அவ்வாறு மறையும் பகுதிகளை எம்பி3 துல்லியம் குறைத்துப் பதிகிறது அல்லது விட்டுவிடுகிறது. நொடிக்கு 128 கிலோபிட்டு அளவுள்ள எம்பி3 கோப்பு, குறுந்தகட்டுத் தரவில் ஏறத்தாழ 11 இல் ஒரு பங்கே ஆகும்.

செய்முறை

கேட்பவருக்கு ஏ, பி என்னும் இரு பதிவுகள் தரப்படுகின்றன. எக்ஸ் என்பது அவ்விரண்டில் ஒன்று. ஒவ்வொரு முறையும் குலுக்கல் முறையில் தெரிவு செய்யப்படும். மூன்றையும் விரும்பிய அளவு கேட்டபின், எக்ஸ் எது எனக் கூற வேண்டும். இரு பதிவுகளின் ஒலியளவும் சமமாக இருத்தல் இன்றியமையாதது. சற்றே உரத்த பதிவு சிறந்ததாகத் தோன்றும். கோப்பின் பெயர் தெரிந்திருந்தாலும் எதிர்பார்ப்பு தீர்ப்பை மாற்றக்கூடும்.

முடிவைக் கணித்தல்

16 முயற்சிகளில் வெறும் ஊகத்தால் சராசரியாக 8 விடைகள் சரியாகும். ஊகத்தால் 12 அல்லது அதற்கு மேல் சரியாவதற்கான வாய்ப்பு 3.8% மட்டுமே. எனவே 12 விடைகள் சரியானால், வேறுபாடு கேட்கிறது எனப் பொதுவாகக் கொள்ளப்படும். முயற்சிகளின் எண்ணிக்கையை முன்னதாகவே முடிவு செய்துவிட வேண்டும். குறைந்த மதிப்பெண், வேறுபாடே இல்லை என மெய்ப்பிப்பதில்லை. அக்கேட்பவர், அக்கருவி, அவ்விசை ஆகியவற்றில் அது வெளிப்படவில்லை என்றே பொருள்.

கேட்கக்கூடிய குறைகள்

குறைந்த பிட் வீதங்களில் கைதட்டல், சிம்பல் தட்டு ஆகியவற்றின் ஒலி குழம்புவதைப் பலரும் உணர்வர். எம்பி3 ஒலியைத் துண்டு துண்டாகக் கையாள்வதால், திடீர் ஓசையின் இரைச்சல் அந்த ஓசைக்கு முன்னரே கேட்கலாம். இது முன்னெதிரொலி எனப்படும். காஸ்டனெட் என்னும் எசுப்பானியக் கைத்தாளக் கருவியின் ஒலியில் இது எளிதில் புலப்படும். பிட் வீதம் கூடும்போது இக்குறைகள் குறைகின்றன. உயர்ந்த வீதங்களில் பெரும்பாலான இசையில் வேறுபாடு காண்பது கடினம். பயிற்சி பெற்றவர்கள் சில பகுதிகளில் மட்டும் கண்டறியக்கூடும்.

சேமிப்பும் கேட்பும்

காதுக்கு வேறுபாடு தெரியாவிடினும், ஆவணக் காப்புக்கு இழப்பற்ற வடிவமே ஏற்றது. எம்பி3 கோப்பை மீண்டும் இழப்புள்ள வடிவத்துக்கு மாற்றும் ஒவ்வொரு முறையும் இழப்பு கூடுகிறது. அதை ஃபிளாக் வடிவத்துக்கு மாற்றினால் கோப்பின் அளவு பெருகுமே தவிர, இழந்த தரவு திரும்பாது.