ரேஸ் டிராக்ல ஒரு நாள் இலவசம்! ஆனா 12,000 ரூபாய் கட்டணுமாம்… கட்டலாமா?



என் நண்பர் ஒருத்தர் சிறுசேரியில வேலை பார்க்கிறார். மாசம் 45,000 ரூபாய் சம்பளம். கார் டயர் மாத்தப் போன கடையில ஒரு குலுக்கல் கூப்பனை எழுதிப் போட்டுட்டு மறந்துட்டார். ரெண்டு மாசம் கழிச்சு போன்: "சார், உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கு. இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்ல ஒரு நாள் முழுக்க கார் ஓட்டலாம். மதிப்பு 40,000 ரூபாய்."

2005-ல நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன் ஓட்டினதை டிவியில பார்த்து வளர்ந்தவர் அவர். சந்தோஷம் தாங்கல. அடுத்த வரியிலேயே அது இறங்கிடுச்சு: "வரி 12,000 ரூபாய் கட்டினாதான் பரிசைத் தர முடியும்."

"இது ஃபிராடு கால் தானே? பிளாக் பண்ணிடவா?"ன்னு என்கிட்ட கேட்டார். அவசரப்பட வேண்டாம்னு சொன்னேன். ஏன்னா ஃபிராடு பண்றவங்களும் இதைத்தான் சொல்வாங்க, சட்டமும் இதைத்தான் சொல்லுது.

வரி எப்படி வருது?

குலுக்கல்ல விழுற பரிசு, வருமான வரிச் சட்டத்துல லாட்டரி மாதிரிதான். உங்க சம்பளம் எந்த ஸ்லாப்ல இருந்தாலும் இதுக்குத் தனியா 30% வரி, அதுக்கு மேல 4% செஸ். மொத்தம் 31.2%. நண்பர் கணக்கு இதோ:

- பரிசு மதிப்பு: 40,000
- 30% வரி: 12,000
- 4% செஸ்: 480
- மொத்தம்: 12,480 ரூபாய்

நண்பரோட வருஷ சம்பளம் 5,40,000. புது வரி முறையில அவர் சம்பளத்துக்கு வரியே கிடையாது. "அப்போ எனக்கு இதுவும் வராதே?"ன்னு கேட்டார். வரும். அடிப்படை விலக்கு, வரித் தள்ளுபடி, முதலீட்டுக் கழிவு எதுவுமே புது வரி முறையில இந்த வருமானத்துக்குப் பொருந்தாது. டிராக்குக்குப் போக போட்ட பெட்ரோல், ஹெல்மெட் வாடகை இதையெல்லாம் செலவுன்னு கழிக்கவும் முடியாது.

பரிசு பணமா இருந்தா, 10,000 ரூபாயைத் தாண்டினதும் 30% பிடிச்சுக்கிட்டு மீதியைக் கொடுப்பாங்க. இங்க பரிசு ஒரு நாள் டிராக் அனுபவம். அதுல இருந்து 30 சதவீதத்தை வெட்டி எடுக்க முடியாதே! அதனாலதான், வரி கட்டியாச்சான்னு உறுதி பண்ணிட்டுத்தான் பரிசைக் கொடுக்கணும்னு சட்டம் சொல்லுது. 10,000-க்குக் கீழே இருந்தா டி.டி.எஸ். கிடையாது. ஆனா வரி உண்டு, ரிட்டர்ன்ல நீங்களே காட்டணும்.

ஒரு விஷயம்: இதே பரிசை உங்க கம்பெனியே "சிறந்த ஊழியர்"னு கொடுத்தா கணக்கு வேற. அது சம்பளத்தோட சேரும், உங்க ஸ்லாப்படி வரி.

ஃபிராடா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பணம் எங்க போகுதுன்னு பாருங்க. யாரோ ஒருத்தரோட யு.பி.ஐ. நம்பருக்கு அனுப்பச் சொன்னா, "இன்னும் அரை மணி நேரத்துல கட்டணும்"னு அவசரப்படுத்தினா, ஓ.டி.பி. கேட்டா போனை வெச்சுடுங்க.

நண்பர் திருப்பிக் கேட்டது ஒண்ணே ஒண்ணு: "வரியை நானே வருமான வரித் துறை இணையதளத்துல, என் பான் நம்பர்ல கட்டிட்டு சலான் காப்பி தர்றேன். பரிசு விவரமும் மதிப்பும் எழுத்துல கொடுங்க." உண்மையான கடையா இருந்தா இதுக்குத் தயங்க மாட்டாங்க. அவங்களும் சரின்னு லெட்டர் கொடுத்தாங்க.

நீங்களே கட்டினா, அந்தத் தளத்துல 'இ-பே டாக்ஸ்' போய் அட்வான்ஸ் டாக்ஸ்னு தேர்ந்தெடுத்து, செஸ் சேர்த்தே கட்டிடுங்க. ரிட்டர்ன் போடும்போது ஐ.டி.ஆர்-1 செல்லாது. குலுக்கல் பரிசு இருந்தா, சம்பளக்காரங்க ஐ.டி.ஆர்-2 போடணும். நிறைய பேர் தவற விடுற இடம் இதுதான்.

வரியை விடப் பெரிய ரிஸ்க்

லெட்டரைப் படிச்சப்போதான் அந்த வரி கண்ணுல பட்டுச்சு: "சொந்தக் காரில் ஓட்ட வேண்டும்."

நண்பர் காருக்கு இன்னும் மூணு வருஷ இ.எம்.ஐ. பாக்கி. அவரோட இன்ஷூரன்ஸ் பாலிசியை எடுக்கச் சொன்னேன். 'லிமிடேஷன்ஸ் ஆஸ் டு யூஸ்'னு ஒரு பகுதி இருக்கும். ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயம், வேகச் சோதனை இதுக்கெல்லாம் வண்டியைப் பயன்படுத்தினா பாலிசி பொருந்தாதுன்னு அதுல இருக்கும். ஜீரோ டெப் எடுத்திருந்தாலும் இதே கதைதான். ஒரு வளைவுல வண்டி தடுப்புல மோதினா, ரிப்பேர் செலவு முழுக்க உங்க கையில இருந்து. கார் ஷெட்ல நிக்கும், இ.எம்.ஐ. ஓடிக்கிட்டே இருக்கும்.

உங்க உடம்புக்கான பாலிசியையும் பாருங்க. ஹெல்த் இன்ஷூரன்ஸ்ல மோட்டார் ரேஸிங் விலக்கு, பொதுவா தொழில்முறையா ஓட்டுறவங்களுக்குத்தான். ஆனா தனிநபர் விபத்து பாலிசிகள் பலதுல ரேஸிங்னாலே விலக்கு. டிராக்ல கையெழுத்து வாங்குற படிவத்துல, தடுப்புச் சுவர் சேதமானா யார் பணம் கட்டணும்னும் படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க.

கடைசியில என்ன முடிவு?

பரிசை வேண்டாம்னு எழுதிக் கொடுக்கிற வழியும் இருந்துச்சு. வாங்காத பரிசுக்கு வரி கிடையாது. நண்பருக்கு அதுக்கு மனசு வரல. "உங்க பயிற்சிக் காரையே கொடுப்பீங்களா?"ன்னு கேட்டார். அரை நாள்னா கொடுக்கலாம்னு சொன்னாங்க. மதிப்பு 25,000-னு புது லெட்டர் வந்துச்சு. வரி 7,800 ரூபாய். கிரெடிட் கார்டைத் தொடாம, கோவா டிரிப்புக்குச் சேர்த்து வெச்ச பணத்துல இருந்து கட்டினார்.

அந்த ஞாயித்துக்கிழமை 3.7 கிலோமீட்டர் டிராக்கைப் பக்கத்துல பயிற்சியாளரோட எட்டு தடவை சுத்திட்டு வந்தார். கார் ஷெட்டுக்குப் போகல. கோவா மட்டும் அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப் போச்சு. "7,800 ரூபாய்க்கு இது வொர்த்"னு சொன்னார். விலை தெரிஞ்சு எடுத்த முடிவு, அதனால எனக்கும் அது சரின்னுதான் பட்டுச்சு.

உங்களுக்கும் குலுக்கல்ல ஏதாவது விழுந்தா, "வாவ்" சொல்றதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க: மதிப்பு எவ்வளவு? வரி யார் பான்ல போகுது? ஏதாவது ஆனா என் பாலிசி பேசுமா?

சலான் கட்டுற ஸ்டெப் எல்லாம் வீடியோவுல ஸ்கிரீன்ல காட்டியிருக்கேன், பார்த்துட்டுப் பண்ணுங்க. அடுத்த பதிவுல சந்திப்போம்!