பரிசில் கடாநிலை: மானியப் படிவத்தை ஒரு பிரதியாக வாசித்தல்

அரசிடம் பணம் வாங்குவது சரியா தவறா என்கிற சர்ச்சை நம் சிற்றிதழ்ப் பக்கங்களில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துகொண்டிருக்கிறது. ஃபோர்டு பவுண்டேஷன் காசு, தொண்டு நிறுவனக் காசு, அகாதமிக் காசு என்று அவ்வப்போது எதிரி மாறுகிறானே ஒழிய வாதங்கள் மாறவில்லை. வாங்கினவன் விலைபோனவன், வாங்காதவன் தூய்மையானவன். இந்த எதிர்வுக்குள் நின்று பேசியவர்களில் பெரும்பாலோர் எழுத்தாளர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். எழுத ஒரு குயர் தாளும் பேனாவும் போதும். பன்னிரண்டு பேர் அடிக்கிற பறைக்குழுவுக்கு அது போதாது. தோல் வாங்க வேண்டும், வேனுக்குக் கொடுக்க வேண்டும், ஒத்திகை நாளில் இழக்கிற கூலியை யாராவது ஈடுகட்ட வேண்டும். எனவே அந்தச் சர்ச்சையைக் கொஞ்சம் ஒத்திவைத்துவிட்டு, நம்மில் யாரும் உட்கார்ந்து வாசித்திராத ஒரு பிரதியை வாசிக்கலாம் என்று தோன்றியது: பண்பாட்டு மானியங்களுக்கான அரசு விண்ணப்பப் படிவம். நாலைந்து குழுக்களுக்கு இதை நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு ஊரில் வந்து சேர்கிற வேலைகளில் இதுவும் ஒன்று.

முதலில் ‘மானியம்’ என்ற சொல். சோழர் கல்வெட்டுகளில் கூத்தக்காணி, சாக்கைக்காணி என்று ஆடுகிறவர்களுக்கு நிலம் விட்டிருப்பதைப் படித்துவிட்டு, பார்த்தீர்களா, நம் அரசர்கள் கலையை எப்படிப் போற்றினார்கள் என்று மேடைகளில் பூரிக்கிறார்கள். இதே சொல்லுக்குச் சேரிப் பக்கமிருந்து இன்னொரு வரலாறு இருக்கிறது. வெட்டியான் மானியம் என்று ஊர் ஓரத்தில் கொஞ்சம் நிலம். அதற்கு ஈடாகச் சாவுக்கு அடிக்க வேண்டும், தண்டோரா போட வேண்டும், குழி வெட்ட வேண்டும். மாட்டேன் என்று சொல்ல முடியாது. 1963இல் சிறு இனாம்கள் ஒழிக்கப்பட்டபோது காகிதத்தில் அந்த ஏற்பாடு முடிந்தது; ஊரில் முடியவில்லை. ஆக, பறையடிக்கிறவரிடம் போய் ‘உங்களுக்கு மானியம் வாங்கித் தருகிறேன்’ என்று சொல்லும்போது நாம் சொல்கிற சொல்லும் அவர் கேட்கிற சொல்லும் ஒன்றல்ல. ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார்: “வாங்கிட்டா யார் வூட்டு எழவுக்கு அடிக்கணும்?” மானியம் பற்றி நான் கேட்ட ஆகச்சிறந்த கோட்பாட்டுக் கேள்வி இதுதான். இந்தக் கட்டுரை முழுக்க அந்தக் கேள்வியைத்தான் சுற்றி வருகிறது.

நவீன அரசு கேட்கிற ஈடு நுட்பமானது. சங்கீத நாடக அகாதமி 1953 ஜனவரியில் தொடங்கப்பட்டது. அது 1984இல் இளம் நாடகக்காரர்களுக்கென்று ஓர் உதவித் திட்டம் கொண்டுவந்து பத்தாண்டுக் காலம் அளவில் நடத்தியது. நாட்டார் அரங்கோடும் மரபு அரங்கோடும் உறவாடிப் புது நாடகமொழியைத் தேடுகிறவர்களுக்குப் பணம், விழா, மேடை. அகாதமியின் செயலாளராக இருந்த சுரேஷ் அவஸ்தி இந்தப் போக்குக்கு ‘வேர்களின் அரங்கு’ என்று பெயர் சூட்டினார். யாரும் யாரையும் மிரட்டவில்லை. ஆனால் வேரைத் தேடாதவனுக்கு அந்தத் திட்டத்தில் இடமில்லை. விளைவு, நாடெங்கும் மேடைகளில் கட்டியக்காரனும் அவனுடைய வேற்றுமொழி அண்ணன் தம்பிகளும் பெருகினார்கள். தமிழில் அந்தக் காலத்தில் வந்த நல்ல நாடகங்கள் சிலவும் இந்த வழியாகத்தான் வந்தன, மறுப்பதற்கில்லை. நான் சுட்ட விரும்புவது வேறு: ஒரு காலகட்டத்தின் அழகியல் என்று நாம் விமர்சனம் எழுதிக்கொண்டிருந்ததில் ஒரு பகுதி தகுதி விதியாகவும் இருந்திருக்கிறது.

இதே அரசின் இன்னொரு கை நாடகப் பிரதியைக் காவல்துறையிடம் கொடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தது. தமிழ்நாட்டின் 1954ஆம் ஆண்டு நாடகச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை பரீக்ஷா ஞாநி தொடுத்த வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் ரத்துசெய்தது 2013இல்தான். 1876ஆம் ஆண்டின் வெள்ளைக்காரச் சட்டம் 2018 வரை புத்தகத்தில் இருந்தது. தடை செய்யும் கையை நாம் உடனே அடையாளம் கண்டுகொள்கிறோம். கொடுக்கும் கையை வாசிக்கத்தான் நமக்குப் பயிற்சி போதவில்லை.

இப்போதைய நிலைக்கு வருகிறேன். மத்தியப் பண்பாட்டு அமைச்சகத்தில் நாடக, இசை, நடனக் குழுக்களுக்கு மாதாந்தரத் தொகை தரும் திட்டம் ஒன்று உண்டு. அதன் பெயர் மாறிவந்த கதையைப் பாருங்கள். ஒரு காலத்தில் அதைச் சம்பள மானியம் என்றார்கள். பிறகு ரெபர்ட்டரி மானியம். இப்போது ‘குரு-சிஷ்யப் பரம்பரை’ மேம்பாட்டு உதவி. ரெபர்ட்டரி அடைப்புக்குறிக்குள் போய்விட்டது. அண்மை ஆண்டுகளின் விதிப்படி குருவுக்கு மாதம் 15,000 ரூபாய், சிஷ்யருக்கு வயதைப் பொறுத்து 2,000 முதல் 10,000 வரை. நாடகக் குழுவென்றால் ஒரு குரு, அதிகபட்சம் 18 சிஷ்யர்கள். சம்பளம் என்ற சொல் எங்கே போனது? சம்பளம் வாங்குகிறவன் தொழிலாளி. போதவில்லை என்று கேட்கலாம், சங்கம் வைக்கலாம். சிஷ்யன் கேட்க முடியாது. குரு தருவதை வாங்கிக்கொண்டு வணங்கிவிட்டுப் போக வேண்டும். அல்தூசர் சொன்ன விளித்தல் இதுதான். தெருவில் போகிறவனைப் பின்னாலிருந்து ‘ஏய்’ என்று கூப்பிட, திரும்பிப் பார்த்த கணத்தில் அவன் அந்த விளிக்குரியவன் ஆகிவிடுகிறான். படிவத்தில் ‘குருவின் பெயர்’ என்ற கட்டத்தில் பெயர் எழுதியவுடன் பதினெட்டு பேர் சிஷ்யர்களாகிவிடுகிறார்கள்.

நம் குழுக்களில் குரு கிடையாது. கூத்தில் இருப்பவர் வாத்தியார். அவர் அடிப்பார், திட்டுவார், வசூலைப் பங்குபோட்டுக் கொடுப்பார். பங்கு தப்பாகப் போனால் விடிந்ததும் சண்டை வரும். அந்தச் சண்டை போடும் உரிமை கூத்தின் அமைப்புக்குள் இருக்கிறது. பறைக்குழுக்கள் பலவற்றில் வாத்தியாரும் இல்லை, அண்ணன் தம்பி மாமன் மச்சான்தான். நான் நிரப்பிய ஒரு படிவத்தில், யாரை குரு என்று எழுதுவது என்பதற்கு மூன்று நாள் பேச்சு நடந்தது. கடைசியில் ஒரு தீர்மானம்: பெயர் யாருடையதாக இருந்தாலும் வருகிற மொத்தத் தொகையும் சமபங்கு. அதைச் செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு: தொகை அவரவர் வங்கிக் கணக்கில்தான் போய்ச் சேர வேண்டும், கணக்கில் பொய் எழுதக் கூடாது. கைக்கு வந்த பிறகு தங்களுக்குள் பகிர்ந்துகொள்வது அவர்கள் விருப்பம். ஆனால் அது குழுவின் முழுச் சம்மதத்தோடு முன்கூட்டியே பேசி முடித்ததாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் குருவே ஜமீன்தாராகிவிடுவார், அதையும் பார்த்திருக்கிறேன்.

படிவத்தின் அடுத்த கட்டம், ‘கலை வடிவத்தின் பெயர்’. அரசு விழாப் பட்டியல்களில் வழங்குவது தப்பாட்டம். பறையாட்டம் என்று எழுதுவதற்குப் பின்னால் ஒரு போராட்டம் இருக்கிறது. எதை எழுதுவது என்பதைக் குழுதான் முடிவுசெய்ய வேண்டும், எழுதித் தருகிற நாம் அல்ல. அதற்குப் பிறகு ‘திட்டத்தின் முக்கியத்துவம்’. இங்கே எல்லோரும் தவறாமல் எழுதும் வாக்கியம் ஒன்றுண்டு: ‘அழிந்துவரும் இக்கலையைப் பாதுகாக்கும் பொருட்டு’. இதை எழுதாமல் விடுங்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். பல ஊர்களில் பறை நின்றுபோனது தானாக நிகழ்ந்ததல்ல. ஆதிக்க சாதிச் சாவுக்கு இனி அடிக்க மாட்டோம் என்று இளைஞர்கள் தீர்மானம் போட்டு நிறுத்தினார்கள். சில இடங்களில் அதற்காக அடி வாங்கினார்கள். அந்த மறுப்பை ‘அழிவு’ என்று எழுதி, அதற்குத் துக்கம் கொண்டாடி, அதன்மீது பணம் கேட்பது எவ்வளவு பெரிய தலைகீழாக்கம்! எதற்கு அடிக்க மறுத்தோம், இப்போது எதற்கு அடிக்கிறோம் என்று நேராக எழுதலாம். நிபுணர் குழுவில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் முட்டாள்கள் அல்ல. ஆயிரம் ‘அழிந்துவரும்’களுக்கு நடுவில் இது கண்ணில் படும். படாமலும் போகலாம். நிராகரித்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இருக்கிறது. குழுக் கூட்டக் குறிப்புகளைக் கேளுங்கள்.

இனி அதிகம் பேசப்படாத விஷயம், நிரப்புகிறவன். விண்ணப்பிக்கப் பதிவுபெற்ற சங்கம் வேண்டும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படி குறைந்தது ஏழு பேர், விதிமுறைகள், மாவட்டப் பதிவாளர் அலுவலகம், ஆண்டுதோறும் கணக்கும் நிர்வாகிகள் பட்டியலும். பல திட்டங்களுக்குப் பதிவாகி மூன்றாண்டு ஆகியிருக்க வேண்டும், தணிக்கை செய்த கணக்கு வேண்டும், பான் அட்டை வேண்டும், நிதி ஆயோக்கின் தர்ப்பண் தளத்தில் எண் வாங்கியிருக்க வேண்டும். மத்திய அரசின் படிவம் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். இத்தனையும் தெரிந்த ஆள் ஊரில் ஒருத்தன்தான் இருப்பான். அவன் செயலாளர் ஆவான். காசோலையில் கையெழுத்துப் போடுவான். இரண்டு வருடத்தில் கலைஞர்கள் அவனுடைய ‘டீம்’ ஆகிவிடுவார்கள். தரகர் என்று யாரையோ திட்டுகிறோம். தரகர் எங்கிருந்து வருகிறார்? நம்மைப் போன்ற படித்த, இடதுசாரி வாசனையுள்ள, நாலு கட்டுரை எழுதிய ஆட்களிலிருந்துதான் வருகிறார்.

இதற்கு எனக்குத் தெரிந்த வழி கொஞ்சம் நீளமானது, வேற வழியில்ல. தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் அடிக்கிறவர்களாக, ஆடுகிறவர்களாக இருக்க வேண்டும். எழுதுகிறவனுக்குச் சங்கத்தில் பதவி கூடாது. விண்ணப்பத்தை முதலில் தமிழில் எழுதி, குழு முன்னால் முழுக்க வாய்விட்டு வாசித்து, அவர்கள் சொன்ன திருத்தத்தைச் செய்து, தீர்மானப் புத்தகத்தில் ஏற்றிய பிறகுதான் ஆங்கிலத்துக்குப் போக வேண்டும். வாசித்துக் காட்டினால் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். ‘பாரம்பரியமிக்க’ என்று எழுதியிருந்தேன். ஒரு பெண் கேட்டார், “எங்க பாரம்பரியத்துல பொம்பள பறை அடிக்கமாட்டா. நான் அடிக்கிறேனே, நான் எதுல வர்றேன்?” அந்தச் சொல் போயிற்று. ஒப்பிட ஒன்று சொல்ல வேண்டும்: புரிசைக் குழு ‘புரிசை துரைசாமி கண்ணப்பத் தம்பிரான் பரம்பரைத் தெருக்கூத்து மன்றம்’ என்றே பதிந்திருக்கிறது. அங்கே பரம்பரை என்பது அவர்கள் தாங்களாக எடுத்துக்கொண்ட சொல், தலைமுறை தலைமுறையாக ஆடியவர்களின் பெயரோடு சேர்ந்து நிற்கிறது. படிவம் கேட்டதற்காகப் போட்டுக்கொள்கிற பரம்பரை வேறு.

பணக் கணக்கு. அமைச்சகத்தின் பண்பாட்டு நிகழ்ச்சி-தயாரிப்பு மானியத்தை எடுத்துக்கொள்வோம். செலவில் 75 சதவீதம் வரை தருவார்கள், வழக்கமான உச்சவரம்பு 5 லட்சம். அதையும் இரண்டு தவணையாக, முதலில் முக்கால், கணக்குக் காட்டிய பிறகு கால். நீங்கள் 4 லட்சத்துக்குத் திட்டம் போட்டால் மானியம் 3 லட்சத்தைத் தாண்டாது. கையில் முதலில் வருவது 2,25,000. மிச்சம் 1,75,000த்தைக் குழு புரட்டி நிகழ்ச்சியை முடிக்க வேண்டும். அதில் 75,000 பின்னால் வரும். எப்போது? கொடுக்கிறேன் என்று சொன்ன புரவலன் காலம் நீட்டும்போது புலவன் நெருக்கிக் கேட்பதைப் புறத்துறைகளில் பரிசில் கடாநிலை என்கிறோம். நம் நிலை அதுதான், ஒரே வித்தியாசம், பாணன் பயன்பாட்டுச் சான்றிதழ் தரவில்லை. இடைப்பட்ட காலத்துக்கு வட்டிக்கு வாங்கித் திருப்பவே முடியாமல் இரண்டு குழுக்கள் கலைந்ததை அருகிலிருந்து பார்த்தேன். ஆகவே, இரண்டாம் தவணை வராவிட்டாலும் தாங்குமா என்று கேட்டுவிட்டுத் திட்டத்தின் அளவை முடிவுசெய்யுங்கள். பெரிதாகப் போட்டால் பெரிதாகக் கிடைக்கும் என்று சொல்கிறவர்களை நம்ப வேண்டாம்.

வரவு செலவில் முதல் வரி கலைஞரின் நாள்கூலியாக இருக்கட்டும். ஒத்திகை நாளும் சேர்த்து. மேடை, பேனர், சால்வை, சிறப்பு விருந்தினர் தங்கும் விடுதி எல்லாம் எழுதிவிட்டு மீந்ததைக் கலைஞருக்கு எழுதும் வழக்கம் நம் முற்போக்கு விழாக்களிலும் உண்டு. (மாவட்ட விருதுகளில் இளமணி, வளர்மணி, சுடர்மணி, நன்மணி, முதுமணி என்று ஐந்து மணிகள் இருக்கின்றன. மணிக்கணக்கில் கூலி கொடுத்தால் இன்னும் நன்றாக இருக்கும்.)

செலவு முடிந்ததும் பொது நிதி விதிகள், 2017இல் உள்ள 12-அ படிவத்தில் பயன்பாட்டுச் சான்றிதழ். நிதியாண்டு முடிந்து பன்னிரண்டு மாதத்துக்குள் தர வேண்டும். செலவழியாத பணத்தை வட்டியோடு திருப்ப வேண்டும். ரசீது எல்லாவற்றுக்கும் கேட்பார்கள். பறையைக் காய்ச்ச வைக்கோல் வாங்கினால் எந்தக் கடையில் பில் தருவார்கள்? வெள்ளைத்தாளில் விற்றவர் பெயர், ஊர், தொகை எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிக்கொள்ளுங்கள், 5,000 ரூபாய்க்கு மேல் போனால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப். அன்றைக்கே வாங்க வேண்டும். ஆறு மாதம் கழித்துப் போனால் அவர் திருப்பூரில் இருப்பார்.

கடைசியாகக் கருவிகள். மானியத்தில் வாங்கிய சொத்தை முன் அனுமதி இல்லாமல் விற்கவோ கழிக்கவோ முடியாது, பதிவேட்டில் ஏற்ற வேண்டும். பறையை முழுசாகச் சொத்தில் ஏற்றிவிட்ட ஒரு குழுவிடம், தோல் கிழிந்த ஐந்து பறைகள் எங்கே என்று தணிக்கையில் கேட்டார்கள். வேப்பமரச் சட்டம் பல வருடம் இருக்கும்; கன்றுத்தோல் ஒரு பருவத்தில் கிழியலாம், புளியங்கொட்டைப் பசை அடுத்த மழையிலேயே விட்டுவிடலாம். ஆகவே சட்டத்தைச் சொத்து என்றும், தோல், பசை, குச்சி, வைக்கோல் நான்கையும் நுகர்பொருள் என்றும் இரண்டு வரியாகப் பிரித்து வரவு செலவிலேயே எழுதிவிடுங்கள்.