சுரங்கம் இருக்கு, வாசலைக் காணோம்!

"போன வருஷ எக்கோ ரிப்போர்ட் இருக்கா?" என்றார் டாக்டர். மதுரைக்குக் கல்யாணத்துக்கு வந்த இடத்தில் அம்மாவுக்குத் தலைசுற்றல்.

"இருக்கு டாக்டர்... சென்னையில, வீட்ல!" என்றேன் பெருமையாக. பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் தூசி தட்டி சர்வராக்கி, குடும்பக் காகிதங்கள் அத்தனையையும் ஸ்கேன் பண்ணி அதில் போட்டு வைத்திருக்கிறேன். எங்கிருந்தாலும் செல்போனில் வி.பி.என்.னைத் தட்டினால் போதும். (அது என்னவென்று கேட்பவர்களுக்கு: இன்டர்நெட்டுக்குள் நமக்கு மட்டும் தோண்டிக்கொள்கிற சுரங்கப்பாதை. பூட்டு, சாவியோடு!)

தட்டினேன். வயர்கார்டு 'ஆன்' ஆனது. ரிப்போர்ட்தான் வரவில்லை. எதிர்ப்பக்கம் ஆளே இல்லாவிட்டாலும் 'ஆன்' காட்டுகிற ஆசாமி அது. உள்ளே போய்ப் பார்த்தால், அனுப்பியது கொஞ்சம், வந்தது பூஜ்யம். பி.காம். படித்தவனுக்குப் பகீரென்றது. பற்று மட்டும் ஓடுகிறது, வரவையே காணோமே!

மனைவிக்குப் போன் போட்டேன்.

"சர்வர் ஓடுதா பாரு."

"பச்சை லைட் எரியுது. அத்தைக்கு எப்படிங்க இருக்கு? முதல்ல அதைச் சொல்லுங்க!"

சொன்னேன். பிறகு ரவுட்டர் பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். 51820-ம் நம்பர் போர்ட் ஒழுங்காக சர்வர் பக்கம்தான் திருப்பப்பட்டிருந்தது.

"வான் ஐ.பி.ன்னு ஒண்ணு இருக்கும், படி."

"நூறு... புள்ளி... எழுபத்திரண்டு..."

ஆஹா, அங்கேதான் இருந்தது வில்லங்கம். பழைய பாணி ஐ.பி. விலாசங்கள் மொத்தமே சுமார் 429 கோடி. ஊர் உலகத்துக்குப் போதவில்லை. அதனால் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே வெளி விலாசம் தருகிறார்கள். உள்ளே புழங்குவதற்கென்று 100.64-லிருந்து 100.127 வரை 2012-ல் தனியாக ஒதுக்கியாயிற்று. அபார்ட்மென்ட் மாதிரிதான். உள்ளேயிருந்து யார் வேண்டுமானாலும் வெளியே போகலாம். வெளியிலிருந்து வருகிறவனுக்கு எந்த வீடு என்று வாட்ச்மேனுக்கே தெரியாது. நான் என் வீட்டுக் கதவைத் திறந்து வைத்து என்ன பிரயோஜனம்?

"போன வாரம் டெஸ்ட் பண்ணப்போ வந்துச்சேங்க?"

வந்தது. வீட்டு சோபாவில், வீட்டு வைஃபையில்! வாசலைத் தாண்டாமலேயே சுற்றி வந்திருக்கிறது.

கடைசியில் மனைவியே சர்வரைத் திறந்து, ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். இரண்டு நிமிஷம். டாக்டர் பழசையும் புதுசையும் ஒப்பிட்டுவிட்டு, "இதயத்துல புதுசா ஒண்ணும் இல்ல. பிரஷர் மாத்திரையை விட்டுட்டீங்களாம்மா?" என்றார். அம்மா என்னைப் பார்க்காமல் ஃபேனைப் பார்த்தார்.

ஊர் திரும்பியதும் சர்வருக்கு ஐ.பி. வெர்ஷன் 6 விலாசம் வாங்கினேன். அதில் விலாசப் பஞ்சமே கிடையாது. நல்லவேளை, என் இன்டர்நெட் கம்பெனியும், செல்போன் சிம்மும் அதைத் தருகிறார்கள். ரவுட்டரில் அந்த ஒரு போர்ட்டுக்கு மட்டும் அனுமதி. இந்தத் தடவை டெஸ்ட் பண்ணியது சோபாவில் அல்ல. வைஃபையை அணைத்துவிட்டு, தெருமுனை டீக்கடையில். அம்மாவின் மாத்திரைச் சீட்டு டாண்ணென்று வந்து நின்றது!