சாவி வந்தது, பெயர் வந்ததா?

மனைவியின் சங்கிலி, மகளின் தோடு, தாய் வளர்த்த ஆடுகள் இரண்டு, எல்லாம் விலைபோயின. வாசலிலே வந்து நிற்கிறது பழைய மோட்டார் சைக்கிள். ஆடம்பரமாம்! அப்படிப் பேசுவோர், பஸ் ஓடாத நள்ளிரவிலே, ஆலைவேலை முடித்துப் பத்துக் கல் நடந்தவர்களா?

தம்பி! சாவி வந்துவிட்டது, சரி, பெயர் வந்ததா? 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், 50ஆம் பிரிவு: மாநிலத்துக்குள்ளே விற்றவர் 14 நாட்களில், வாங்கியவர் 30 நாட்களில், ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். தவறினால்? இன்சூரன்சு இல்லாத வண்டி மோதினால், இழப்பீடு பதிவிலே பெயருள்ளவர் தலையிலே. 2018இல் உச்சநீதிமன்றமே தீர்ப்பளித்தது. விற்றவர் யார்? உன்னைப் போல் ஓர் ஏழைத் தொழிலாளி! வண்டியையும் கொடுத்துவிட்டு, வழக்கையும் அவர் சுமப்பதா?

இருவரும் ஒன்றாகச் செல்லுங்கள், பெயரை மாற்றுங்கள், பிறகு வண்டியைக் கிளப்புங்கள்!